ஆளுக்கேற்ற பாடம்: ஐடி நிறுவனப் பயிற்சியில் ஏஐ என்ன செய்கிறது?

கேம்பஸ் தேர்வில் வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரும் வந்தாயிற்று. ஏனாத்தூரிலோ காரைப்பேட்டையிலோ படித்து முடித்த பிள்ளை முதலில் போய் உட்காரப்போவது பயிற்சி வகுப்பில். பெரிய ஐடி நிறுவனங்களில் இது வாரக்கணக்கில் நடக்கும். சில இடங்களில் மாதக்கணக்கிலும் நீளும். அங்கே கணினி அறிவியல் படித்தவர் இருப்பார், மெக்கானிக்கல் படித்தவர் இருப்பார், பி.எஸ்சி. கணிதம் முடித்தவரும் இருப்பார். எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றுதான். பள்ளியிலேயே பைத்தான் எழுதிப் பழகியவருக்குக் கொட்டாவி வரும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு இரண்டாம் நாளே தலை சுற்றும்.

இந்த இருவருக்கும் வேறு பாடம், வேறு வேகம், வேறு பயிற்சிக் கேள்விகள் தர முடியும், அதை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று நிறுவனங்கள் இப்போது சொல்கின்றன. அது எப்படி நடக்கிறது, எந்த அளவுக்கு நம்பலாம், பயிற்சிக்குப் போகிறவர் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பார்ப்போம்.

காஞ்சியில் இதைப் பேச என்ன அவசியம்?

வெளியூர்க்காரர்களுக்குக் காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும்தான். மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் அதே அளவு பழக்கம். கார், கைபேசி, மின்னணுப் பொருள் தொழிற்சாலைகளுக்கு விடிவதற்குள் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். ஐடி நிறுவனங்கள் நிறைந்த சிறுசேரியும் 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. மேலக்கோட்டையூரில் இருக்கும் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இன்றும் காஞ்சிபுரம் பெயரையே தாங்கி நிற்கிறது. தறி இருந்த பல வீடுகளில் அடுத்த தலைமுறை இந்தப் பக்கமாகப் போய்விட்டது. ஆகவே நிறுவனப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பது இங்கே வீட்டுக்குள் பேசப்படும் விஷயம்.

ஒருவருக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுப்பது என்றால் என்ன என்பதும் இந்த ஊருக்குத் தெரியாததல்ல. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொருவர் வேண்டும். தொழில் பழக வந்தவர் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். நெசவாளி அவர் கையைப் பார்த்துக்கொண்டே நெய்வார். இழுப்பு அதிகமானால் அந்த நொடியே சொல்வார். கை பழகியது தெரிந்தால்தான் அடுத்த வேலையைக் கொடுப்பார். சேலை முடிந்த பிறகு மதிப்பெண் போடுவது இதில் இல்லை. ஒவ்வொரு இழைக்கும் திருத்தம் உண்டு. ஏஐ பயிற்சி என்று சொல்லப்படுவதில் தேறுகிற முறை எது, தேறாதது எது என்று பிரிக்க இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் போதும்: அது வேலையின் நடுவில் கையைப் பார்க்கிறதா, முடிந்த பிறகு மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறதா?

தனி ஆசிரியரின் பலம் எவ்வளவு?

1984இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். வழக்கமான வகுப்பில் படித்த மாணவர்களையும், தனி ஆசிரியரிடம் ஒவ்வொரு பகுதியிலும் நன்றாகத் தேறிய பிறகே அடுத்ததற்குப் போன மாணவர்களையும் ஒப்பிட்டார். தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வகுப்பில் படித்த நூறு பேரில் 98 பேரை முந்தினார் என்பது அவருடைய முடிவு. ஆளுக்கொரு ஆசிரியர் வைக்க எந்தச் சமூகத்துக்கும் வசதி கிடையாது. அதே பலனை மலிவாகத் தரும் வழி என்ன என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

ஏஐ பயிற்சி விற்கும் நிறுவனங்கள் இந்த 98ஐ விடாமல் மேற்கோள் காட்டும். அதற்குப் பின் வந்த ஆய்வுகளை அவ்வளவாகச் சொல்வதில்லை. 2011இல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனித ஆசிரியரால் கிடைக்கும் கூடுதல் பலன் புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு படியிலும் மாணவரைக் கவனித்துத் திருத்தும் கணினி நிரல்கள், மனித ஆசிரியருக்கு ஏறக்குறைய நிகரான பலனைத் தந்தன. கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி, தப்பு என்று சொன்ன நிரல்களுக்கு அந்தப் பலன் இல்லை.

ஒரே தப்பு, இரண்டு காரணம்

படிப்படியாகக் கவனிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு பட்டுக்கடையின் கணினியில் இரண்டு அட்டவணைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் வாடிக்கையாளர் பெயர்கள், மற்றதில் ஆர்டர்கள். "எல்லா வாடிக்கையாளர்களையும் பட்டியலிடு, 2024இல் ஆர்டர் கொடுத்திருந்தால் அதையும் பக்கத்தில் காட்டு" என்பது கேள்வி. அட்டவணைகளிலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்க்யூஎல் மொழியில் எழுத வேண்டும்.

முதலில் பயிற்சி பெறுபவர், இரண்டு அட்டவணையிலும் பொருந்துவதை மட்டும் எடுக்கும் இன்னர் ஜாயின் போடுகிறார். 2024இல் ஆர்டர் கொடுக்காதவர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். இரண்டாமவர், எல்லா வாடிக்கையாளர்களையும் தக்கவைக்கும் லெஃப்ட் ஜாயினைச் சரியாகப் போடுகிறார். ஆனால் 2024 என்ற நிபந்தனையை ஜாயினோடு சேர்க்காமல், கடைசியில் வடிகட்டும் WHERE பகுதியில் எழுதிவிடுகிறார். ஆர்டர் இல்லாதவர்கள் அங்கே வடிகட்டப்பட்டுக் காணாமல் போகிறார்கள். திரையில் இருவருக்கும் வரும் விடை ஒன்றே. இரண்டும் தப்பு.

முதலாமவருக்கு ஜாயின் வகைகளே பிடிபடவில்லை. இரண்டாமவருக்கு அது தெரியும். நிபந்தனை எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பதுதான் தெரியவில்லை. விடையை மட்டும் பார்க்கும் தேர்வு இருவருக்கும் பூஜ்யம் போட்டு, ஒரே வீடியோவைப் பார்க்கச் சொல்லும். எழுதிய வரிகளைப் படிக்கும் நிரல், முதலாமவரை ஜாயின் பாடத்துக்கும் இரண்டாமவரை ஐந்து நிமிட விளக்கத்துக்கும் அனுப்பும். ஆளுக்கேற்ற பாடம் என்பதன் முழுப் பொருளும் இந்த வித்தியாசத்தில் அடங்கிவிடுகிறது.

இயந்திரம் உங்களை எப்படிக் கணிக்கிறது?

இத்தகைய முறைகளின் உள்ளே பொதுவாக நான்கு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, திறன் வரைபடம். ஒரு வேலைக்கு என்னென்ன தெரிய வேண்டும், எது தெரிந்தால்தான் எது புரியும் என்று சங்கிலி போட்டு வைப்பது. லெஃப்ட் ஜாயினுக்கு முன் அட்டவணை, அதற்கு முன் தரவு வகை என்று இது போகும். இதை இன்றும் அனுபவசாலிகள்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். வரைபடம் தப்பானால் மேலே கட்டுவதெல்லாம் தப்பு.

இரண்டாவது, ஒவ்வொரு திறனும் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்ற கணிப்பு. 1990களின் நடுவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் இதற்கு ஒரு முறையை வகுத்தார்கள். இன்றும் பல மென்பொருள்களுக்கு அதுவே அடித்தளம். எடுத்துக்காட்டாக, உங்களுக்கு ஜாயின் தெரிந்திருக்க 30 சதவீத வாய்ப்பு என்று நிரல் தொடங்குகிறது. தெரிந்தவரும் கவனக்குறைவால் பத்தில் ஒரு முறை தவறலாம். தெரியாதவரும் ஐந்தில் ஒரு முறை குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொள்கிறது. முதல் கேள்விக்குச் சரியாக விடை சொன்னால் 30 என்பது 66 ஆக ஏறும். அடுத்ததும் சரியென்றால் 90. முதல் கேள்வியே தவறென்றால் 30 என்பது 5க்கு இறங்கிவிடும். (விடை சொல்லும்போதே கொஞ்சம் கற்றுக்கொள்வதையும் நிஜ முறை கணக்கில் சேர்க்கும், எளிமைக்காக இங்கே அதை விட்டிருக்கிறேன்.)

ஒரே ஒரு விடை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது பாருங்கள். தெரியாத கேள்விக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு விடை போட்டவர், தமக்குத் தேவையான பாடத்தைத் தாமே மூடிவிடுகிறார்.

மூன்றாவது, அடுத்து எதைத் தருவது என்ற முடிவு. ரொம்ப எளிதானால் சலிப்பு, ரொம்பக் கடினமானால் விட்டுவிடத் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் கேள்வி தேட வேண்டும்.

நான்காவது, மறதிக்கு வைத்தியம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது, இடைவெளி விட்டு மீண்டும் நினைவுகூர்ந்தால் நிலைக்கிறது என்பது அதன் சாரம். ஐடி வேலையில் இது அன்றாடப் பிரச்சினை. ஜூலையில் கற்ற பாடத்தைப் பயன்படுத்தும் புராஜெக்ட் டிசம்பரில் கிடைக்கிறது. நடுவில் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்த மாதங்களில் எல்லாம் ஆவியாகிவிடுகிறது. நல்ல முறை மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று இரண்டிரண்டு கேள்வியாக அனுப்பி அதைக் காப்பாற்றும்.

இந்த நான்குக்கும் தீனி ஒன்றுதான்: நீங்கள் செய்யும் தவறு.

கப்பற்படையில் நடந்த சோதனை

வேலைப் பயிற்சியில் இது பலிக்குமா என்பதற்குச் சாட்சி ராணுவங்களிடம் இருக்கிறது. 1980களில் அமெரிக்க விமானப்படைக்காக ஷெர்லாக் என்ற பயிற்சி நிரல் செய்தார்கள். போர் விமானங்களின் மின்னணுப் பாகங்களைச் சோதிக்கும் கருவி பழுதானால் காரணம் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் நிரல் அது. சுமார் 20 முதல் 25 மணி நேரம் அதில் பழகியவர்கள், பல ஆண்டு கூடுதல் அனுபவம் உள்ள தொழில்நுட்பர்களுக்கு நிகராகப் பழுது கண்டுபிடித்தார்கள்.

ஐடி துறைக்கு இன்னும் நெருங்கிய சோதனை அமெரிக்கக் கப்பற்படையில் நடந்தது. நெட்வொர்க், சர்வர்களைப் பராமரிக்கும் மாலுமிகளுக்காக டார்பா என்ற பாதுகாப்பு ஆய்வு அமைப்பு டிஜிட்டல் டியூட்டர் என்ற ஒன்றை உருவாக்கச் செய்தது. அவர்கள் பாடப்புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. துறையில் கைதேர்ந்தவர்களை அழைத்து, மாலுமிகளுக்கு ஒருவருக்கொருவராகச் சொல்லிக்கொடுக்கச் செய்தார்கள். எந்த இடத்தில் கேள்வி கேட்கிறார்கள், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு யோசிக்க விடுகிறார்கள் என்று கவனித்து, அந்த நடைமுறையை நிரலாக்கினார்கள். பயிற்சி முழுவதும் பழுதான கணினி அமைப்புகளைச் சரிசெய்வதாகவே இருந்தது.

16 வாரம் இதில் பழகியவர்களை, வழக்கமான 35 வார வகுப்புப் பயிற்சி முடித்தவர்களோடும், சராசரியாக ஒன்பது ஆண்டு கப்பலில் வேலை பார்த்தவர்களோடும் பழுது நீக்கும் சோதனையில் ஒப்பிட்டார்கள். 16 வாரக்காரர்களே முன்னே வந்தார்கள். ஒப்பிட்ட குழுக்கள் சிறியவை. நிரலை உருவாக்க ஆன செலவும் உழைப்பும் பெரியவை. ஆனாலும் ஒன்று உறுதியாயிற்று. நல்ல ஆசிரியரின் முறையைக் கவனித்து, நிஜ வேலையைப் பாடமாக வைத்தால், இயந்திரத்தால் தேர்ந்த தொழில்நுட்பரை உருவாக்க முடியும்.

சாட்ஜிபிடிக்குப் பின் என்ன மாறியது?

முன்பெல்லாம் ஒரு மணி நேரப் பாடத்துக்கு இப்படி ஒரு நிரல் எழுத நிபுணர்கள் பல நூறு மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது. மாணவர் எப்படியெல்லாம் தவறுவார் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைப்பார்கள். அதனால்தான் ராணுவத்தையும் சில பள்ளிப் பாடங்களையும் தாண்டி இது பரவவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இந்தச் செலவு இறங்கியது. இத்தகைய செயலிகளை இயக்கும் மொழி மாதிரிகள் யாரும் எதிர்பாராத தவறையும் படித்துப் புரிந்துகொள்கின்றன. "இந்த வரி ஏன் எர்ரர் அடிக்குது?" என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து கேட்டாலும் பதில் வருகிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இது சின்ன உதவியல்ல. சந்தேகம் கேட்க ஆங்கிலத்தில் வாக்கியம் கோர்க்க வேண்டியிருந்ததே பலரை வகுப்பில் மௌனமாக்கியது. இந்திய மொழிகளுக்கான மாதிரிகளையும் தரவுகளையும் உருவாக்கும் சென்னை ஐஐடியின் ஏஐஃபோர்பாரத் போன்ற முயற்சிகள் இந்த வழியை இன்னும் அகலமாக்கும்.

கூடவே ஒரு ஆபத்தும் வந்தது. கேட்டவுடன் விடையைக் கொடுத்துவிடும் இயந்திரம் ஆசிரியர் ஆகாது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய கணிதச் சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பிரிவினருக்குச் சாதாரண சாட் வசதி. இன்னொரு பிரிவினருக்கு ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளோடு, விடையைச் சொல்லாமல் வழி மட்டும் காட்டும் வசதி. பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாம் பிரிவு 127 சதவீதமும் முன்னேறின. பிறகு இயந்திரத்தை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட் பயன்படுத்தியவர்கள், எந்த உதவியும் இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். வழி மட்டும் காட்டிய பிரிவில் அந்தச் சரிவு இல்லை.

மென்பொருள் எழுதும் வேலையிலும் பாடம் இதுவே. பயிற்சிக் காலத்தில் ஏஐயிடம் நிரலை எழுதி வாங்கி ஒட்டுபவர் எல்லாத் தேர்விலும் தேறிவிடுவார். வாடிக்கையாளரின் சர்வர் நள்ளிரவில் நின்றுபோகும்போதுதான் விஷயம் வெளியே வரும். இன்னொரு குறையும் உண்டு: இல்லாத நிரல் கட்டளையைக்கூட இருப்பதுபோல இந்த மாதிரிகள் நம்பிக்கையோடு சொல்லும். பழைய கைக்குத் தப்பு உடனே தெரியும்; புதியவர் அதையே பாடமாக எடுத்துக்கொள்வார். அதனால் நிறுவனத்தின் சொந்த ஆவணங்களிலிருந்து மட்டும் பதில் எடுக்கும்படி கட்டுவதும், எழுதிய நிரலை அங்கேயே ஓட்டிப் பார்ப்பதும் அவசியம்.

மூன்று தரம்

"ஆளுக்கேற்ற பயிற்சி" என்ற பெயரில் விற்கப்படுவது எல்லாம் ஒன்றல்ல. மூன்று தரமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கடைசித் தரம், பரிந்துரைப் பட்டியல். உங்கள் பதவி, முன்பு பார்த்த வீடியோக்கள், உங்களைப் போன்றவர்கள் பார்த்தவை ஆகியவற்றை வைத்து "அடுத்து இதைப் பாருங்கள்" என்று சொல்வது. உங்களுக்கு என்ன தெரியாது என்பது அதற்குத் தெரியாது. சந்தையில் அதிகம் கிடைப்பது இதுதான்.

நடுத்தரம், தேர்வுக்கேற்ப மாறும் பாதை. முதலில் ஒரு சோதனை. தெரிந்த பகுதிகளைத் தாண்டிவிடலாம், தெரியாததை மட்டும் படிக்கலாம். பைத்தான் தெரிந்தவருக்குக் கொட்டாவி மிச்சம். நேரமும் பணமும் உண்மையிலேயே மிச்சமாவது இங்கே தொடங்குகிறது.

முதல் தரம், படிப்படியாகக் கூட வரும் ஆசிரியர். நீங்கள் எழுதும் வரியைப் படித்து, அந்தத் தவறின் காரணத்தைத் தேடிக் கேள்வி கேட்பது. கப்பற்படைச் சோதனை இந்த வகை.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இணையவழிப் பயிற்சி புதிதல்ல. 2022 மார்ச் 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த நான் முதல்வன் திட்டத்தால் கல்லூரியில் இருக்கும்போதே பலர் தொழில்நுட்பப் படிப்புகளைப் படிக்கிறார்கள். இன்ஃபோசிஸின் ஸ்பிரிங்போர்டு, மத்திய அரசும் நாஸ்காமும் சேர்ந்து நடத்தும் ஃபியூச்சர்ஸ்கில்ஸ் பிரைம் ஆகியவையும் இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றே: நான் தவறாகச் செய்தால் அடுத்த பாடம் மாறுமா? மாறாது என்றால் அது நல்ல நூலகமாக இருக்கலாம். ஆளுக்கேற்ற பயிற்சி என்று சொல்ல முடியாது.

இயந்திரத்துக்கு எட்டாதவை

ஸோஹோ நிறுவனம் 2005இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பள்ளிப்படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, மென்பொருள் வேலைக்குத் தயார் செய்கிறது. பட்டம் கேட்பதில்லை. அங்கே கற்பிப்பது மனிதர்கள். பயிற்சியின் பெரும்பகுதி உண்மையான குழுக்களோடு வேலை பார்ப்பது. ஏஐ பேச்செல்லாம் வருவதற்கு முன்பே ஆளுக்கேற்ற பயிற்சி சாத்தியம் என்று இது காட்டியது. எண்ணிக்கை குறைவாக இருந்தது, ஆசிரியர் ஒவ்வொருவரையும் அறிந்திருந்தார், செய்த வேலை நிஜமானதாக இருந்தது.

எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகும்போது இயந்திரம் தேவைப்படுகிறது. ஆனால் அதற்குத் தெரிவதெல்லாம் திரையில் தட்டச்சு செய்யப்பட்டது மட்டுமே. வாடிக்கையாளர் மழுப்பலாகச் சொன்ன தேவையைத் தோண்டிக் கேட்டு வாங்குவது, டீம் லீடரிடம் "இந்தத் தேதிக்குள் முடியாது" என்று நயமாகச் சொல்வது, இன்னொருவர் நிரலில் தவறைக் காட்டும்போது மனம் நோகாமல் பேசுவது ஆகியவை அதன் அளவுகோலுக்குள் வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் மின்னணுப் பலகையைக் கையில் பிடித்து இணைப்பைச் சோதிக்கும் தொழிலாளியின் விரல் நேர்த்தியும் கேள்வித்தாளில் வராது. அளக்க முடிந்ததை மட்டும் கற்றுத்தரும் பழக்கம் வந்துவிட்டால், அளக்க முடியாததெல்லாம் பயிற்சியிலிருந்தே விழுந்துவிடும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. தொடக்கத்தில் இரண்டு சோதனையில் தடுமாறியவரை "மெதுவான பாதை"யில் போட்டு, எளிய பாடங்களையே தொடர்ந்து கொடுத்தால், கடினமானதைச் செய்துகாட்டும் வாய்ப்பே அவருக்கு வராது. இயந்திரத்தின் கணிப்பு தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளும். ஆங்கிலக் கேள்வியை மெல்லப் படித்ததால் நேரமான தமிழ்வழி மாணவரை, எஸ்க்யூஎல் தெரியாதவர் என்று கணக்கெழுதிவிடவும் கூடும். பாதையை மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமையும், அதைக் கேட்க ஒரு மனிதரும் இருக்க வேண்டும்.

தவறை யார் பார்க்கிறார்கள்?

இந்த முறைக்குத் தீனி உங்கள் தவறுதான் என்று பார்த்தோம். எந்தக் கேள்வியில் எத்தனை முறை சறுக்கினீர்கள், எத்தனை குறிப்பு கேட்டீர்கள், எவ்வளவு நேரம் யோசித்தீர்கள் எல்லாம் பதிவாகிறது. அந்தப் பதிவு பயிற்சியோடு நின்றால் மருந்து. அப்ரைசல் என்ற பணி மதிப்பீட்டுக்கும், எந்த புராஜெக்டில் போடுவது என்ற முடிவுக்கும், ஆட்குறைப்புப் பட்டியலுக்கும் போனால் கதை வேறு.

அப்போது எல்லோரும் செய்யப்போவது தெரிந்ததுதான். தெரியாததை மறைப்பார்கள். வேறொரு ஜன்னலைத் திறந்து விடையைத் தேடி எழுதுவார்கள். குறிப்பு கேட்கும் பொத்தானைத் தொடவே மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் விடைகள் சுற்றும். திரையில் எல்லோருக்கும் 90 சதவீதம் காட்டும். தப்புகள் உள்ளே வராதபோது இயந்திரத்துக்குக் கண் தெரியாது. யாருக்கு எந்தப் பாடம் என்று அதனால் சொல்ல முடியாது. ஆளை அளக்கப்போய், பயிற்சிக்காகச் செலவழித்த பணத்தை நிறுவனமே வீணாக்கிக்கொள்கிறது. ஊழியரின் உரிமை என்ற பக்கத்திலிருந்து பார்த்தாலும், நிறுவனத்தின் லாபம் என்ற பக்கத்திலிருந்து பார்த்தாலும் முடிவு ஒன்றே: பயிற்சிப் பதிவும் மதிப்பீட்டுப் பதிவும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

சட்டம் இதை முழுதாகப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான சில நோக்கங்களுக்கு ஊழியரின் தனிச் சம்மதம் இல்லாமலே அவரது தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த ஏஐ சட்டம் கொஞ்சம் கறாரானது. மருத்துவம், பாதுகாப்பு காரணங்களைத் தவிர, வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை ஏஐ கொண்டு கணிப்பதை அது தடை செய்கிறது. பதவி உயர்வு, பணிநீக்கம், செயல்திறன் மதிப்பீடு ஆகியவற்றுக்கு உதவும் ஏஐ அமைப்புகளை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்து, மனித மேற்பார்வையைக் கட்டாயமாக்குகிறது. ஐரோப்பாவில் கிளை வைத்திருக்கும் சென்னை நிறுவனங்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

சிறிய நிறுவனம் எப்படித் தொடங்கலாம்?

கோடிக்கணக்கில் மென்பொருள் வாங்கினால்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் எக்செல் தாளிலேயே தொடங்கலாம். குழுவுக்குத் தேவையான முப்பது நாற்பது திறன்களை வரிசையாக எழுதி, எதற்கு எது முன்தேவை என்று குறித்தால் வரைபடம் தயார். கடந்த ஆண்டு வாடிக்கையாளர்கள் சொன்ன உண்மையான குறைகளை எடுத்து, பெயர்களை நீக்கிப் பயிற்சிக் கேள்விகளாக்கலாம். விலைக்கு வாங்கும் பாடங்களைவிட இவை பயன்படும். மொழி மாதிரியை வைத்துக்கொள்ளலாம். "விடையைச் சொல்லாதே, ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு மட்டும் கொடு" என்று கட்டளையிட்டு வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவர் புதியவரோடு உட்கார்ந்து, அந்த வாரத் தவறுகளைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். கடைசியாக, பயன் இருக்கிறதா என்று பார்க்க எத்தனை பேர் பாடத்தை முடித்தார்கள் என்று எண்ணக் கூடாது. மூன்று மாதம் கழித்து, ஏஐ உதவியில்லாமல் ஒரு பழுதைக் கொடுத்து, சரிசெய்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பயிற்சிக்குப் போகிறவருக்கு

தொடக்கச் சோதனையில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினால் தேவையான பாடமே வராது. தெரிந்ததைத் தெரியாததாகக் காட்டினால் வாரங்கள் வீணாகும். ஏஐயிடம் விடை கேட்பதற்கு முன் நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள், பிறகு "என் வழியில் எங்கே பிசகு?" என்று கேளுங்கள். இயந்திரம் சொன்னதை ஓட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள். புரிந்ததை மறுநாள் திரையை மூடிவிட்டுத் தாளில் எழுதிப் பாருங்கள்.

இந்த அறிவுரை எல்லாம் பலிப்பது, தவறு செய்ய அந்த இடத்தில் அனுமதி இருந்தால்தான். அதனால் முதல் நாள் அறிமுகக் கூட்டத்தில், "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று சொல்லும்போது கையைத் தூக்கி இரண்டைக் கேட்டுவிடுங்கள். "நான் போடும் தப்பு விடைகளை யார் யார் பார்ப்பார்கள்? அது அப்ரைசலுக்குப் போகுமா?" நேரான பதில் எழுத்தில் கிடைத்தால் அந்த இயந்திரத்திடம் கூச்சமில்லாமல் தப்பு செய்யுங்கள், அதிலிருந்து நிறையக் கற்கலாம். பதில் வழுவழுவென்று வந்தால், அதைத் தேர்வாகவே நினைத்து எழுதிவிட்டு, உங்கள் சந்தேகங்களை நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோங்கள்.